பழவேற்காட்டு மீனவர் திருடர் அல்லர்

புதுப் படத்தைச் செல்போனில் இறக்கிப் பார்ப்பவர் திருடர். கடைக்குள் புகுந்து பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடுபவருக்கும் அவருக்கும் வித்தியாசம் இல்லை. சட்டத்தை இன்னும் கடுமையாக்கி நாலு பேரை உள்ளே தள்ளினால் மற்றவர்கள் அடங்குவார்கள். தமிழ்த் திரையுலக மேடைகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒலித்துவரும் இந்தப் பேச்சு இன்று படித்தவர்களின் பொதுக்கருத்தாகிவிட்டது. நாடாளுமன்றமும் 2023இல் இதே வழியில்தான் சட்டம் செய்தது. இந்தக் கருத்து தவறு. இதை நம்பிச் செய்த சட்டங்கள் தப்பான ஆட்களைத் தண்டிக்கின்றன.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவ ஊர்களை முன்னால் வைத்தே பேசுகிறேன். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கும் அந்த ஏரி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. தியேட்டரில் படம் பார்க்கப் பொன்னேரிப் பக்கமோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டிய குப்பங்கள் அவை. ஒரு வளத்தின்மேல் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வியைத் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள் பேசியும் சண்டையிட்டும் தீர்த்துவந்த ஊர்களும்கூட.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு முதலில் சொல்லிவிடுகிறேன். வட்டிக்குப் பணம் வாங்கிப் படம் எடுக்கிறார் தயாரிப்பாளர். முதல் மூன்று நாள் வசூல்தான் அவர் உயிர். வெள்ளிக்கிழமை இரவே படம் இணையத்தில் வந்துவிட்டால், பெரிய நடிகரின் படம் தப்பிக்கும், சிறிய படம் செத்துப்போகும். அடுத்த படம் நின்றால் லைட்மேனும் டிரைவரும் சமையல்காரரும் வேலை இழப்பார்கள். வறுமை இதற்குச் சமாதானம் ஆகாது. ஏழை என்பதற்காக ஒருவர் மளிகைக் கடையில் அரிசியை அள்ளிக்கொண்டு போகலாம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. சிறு முதலீட்டுப் படக்காரரின் வேதனை பொய்யில்லை. தியேட்டரில் கேமராவை ஒளித்துப் படம்பிடித்து, அதை இணையத்தில் ஏற்றி, சூதாட்ட விளம்பரத்தில் காசு பார்க்கும் கும்பலுக்காக நான் வாதாடவும் இல்லை. ஆனால் இந்த உண்மையின் தோளில் ஏறி வந்திருக்கும் மற்ற முடிவுகள் ஒன்றுகூட நிற்காது.

1. காப்புரிமையை வீடு, நிலம் போன்ற சொத்தாகச் சட்டமே பார்ப்பதில்லை

என் வீடு எனக்குப் பின் என் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பின் பேரப்பிள்ளைகளுக்கும் போகும். காப்புரிமை அப்படிப் போகாது. எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகளில் அது தீர்ந்துவிடும்; படம் என்றால் வெளியாகி 60 ஆண்டுகளில். அந்தக் காலத்துக்குள்ளேயே ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் பாடம் நடத்தவும் அனுமதியின்றிப் பயன்படுத்தலாம் என்று 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜெராக்ஸ் கடை மீது பன்னாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், காப்புரிமை இயற்கையாக வந்த உரிமையோ தெய்வம் கொடுத்த உரிமையோ இல்லை என்று 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகம் ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த சலுகை அது. நோக்கம் கெட்டால் சலுகையைக் குறைக்கலாம், திருப்பியும் எடுத்துக்கொள்ளலாம்.

இதைத் தமிழருக்கு டெல்லி நீதிமன்றம் கற்பிக்க வேண்டியதில்லை. நாமே செய்து காட்டியிருக்கிறோம். பாரதி 1921இல் இறந்தார். அன்றைய சட்டப்படி அவர் எழுத்தின் மீதான உரிமை 1971வரை தனியாரிடம் இருந்திருக்கும். பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை கைமாறிக் கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்து சேர்ந்திருந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது மெய்யப்பன் தரப்பு உரிமை கோரியது. சட்டம் அவர் பக்கம் இருந்தது. காசு கொடுத்து முறையாக வாங்கியவர் அவர். இருந்தும் தமிழ்நாடு கொதித்தது. எழுத்தாளர்கள் கூடினார்கள், பத்திரிகைகள் எழுதின, பாரதியை விடுவிக்க வேண்டும் என்று இயக்கமே நடந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு 1949இல் பாரதி எழுத்துகளின் உரிமையைப் பொதுவுக்கு எடுத்துக்கொண்டது. மெய்யப்பன் தம் உரிமையை ஈடு கேட்காமல் விட்டுக்கொடுத்தார். அதற்காக அவரை இன்றும் மரியாதையோடு நினைக்க வேண்டும். பாரதியின் மனைவி செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் அரசு தொகை கொடுத்தது. உலகத்தில் ஒரு கவிஞரின் எழுத்தை அரசே வாங்கி மக்களுக்குக் கொடுப்பது அபூர்வம். அன்று கோபப்பட்ட தமிழர்களை யாராவது திருடர் கூட்டம் என்கிறோமா?

நேர்மாறாக நடந்ததும் உண்டு. தாகூர் 1941இல் இறந்தார். ஐம்பது ஆண்டு முடிந்து அவர் எழுத்து பொதுவுக்கு வரும் நேரத்தில், அதன் உரிமையை வைத்திருந்த விஸ்வபாரதியின் பிடி தளரக்கூடாது என்ற முறையீட்டுக்கு இணங்கி, 1992இல் சட்டத்தைத் திருத்தி 50 ஆண்டை 60 ஆக்கினார்கள். ஒரு நிறுவனத்துக்காக நீட்டிய காலம் இந்தியாவின் எல்லா எழுத்தாளர்களுக்கும் பொருந்தியது. அமெரிக்காவில் 1998இல் இதே வேலை பெரிய அளவில் நடந்தது. அங்கே முன்னால் நின்றது டிஸ்னி. கேட்பவருக்குப் பலம் இருந்தால் நீளக்கூடிய எல்லையை அறநெறியின் எல்லை என்று எப்படிச் சொல்வது?

2. உரிமை நிற்பது போலீஸ் பலத்தால் என்ற நம்பிக்கை தவறு

பழவேற்காட்டில் பாடு என்ற முறை இருக்கிறது. ஏரியில் இறால் வரத்து நன்றாக உள்ள இடங்களில் வலை போடும் உரிமையைக் குலுக்கல் போட்டு, முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் இதில் மூத்தவை. நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகப் போய்விடாது. இன்று உனக்கு, அடுத்த முறை எனக்கு. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். எந்தச் சட்டப் புத்தகமும் இல்லாமல் இது காலகாலமாக நின்றது, கட்டுப்படுகிறவருக்கே அதில் பங்கு இருந்ததால்.

பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் நான் நேர்மையற்றவன். அந்த முறைக்குள் தலித் மீனவர்களுக்கு நீண்ட காலம் இடம் இல்லை. கைகளால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் இல்லை. பங்கு இல்லாதவர்கள் அதை மதிக்க மறுத்தார்கள். தகராறும் மோதலும் வந்தன. பாடு கேட்டுப் புதிய ஊர்கள் எழுந்தன. விதியை மீறியவர்களைத் திருடர்கள் என்று முத்திரை குத்தியதால் எந்தச் சண்டையும் தீரவில்லை. பேசி, இடம் கொடுத்த அளவுக்கே அமைதி வந்தது.

காப்புரிமையில் இன்று நடப்பதும் இதுதான். கட்டுப்பட வேண்டியவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். விதி எழுதும் அறையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. ஒரு சட்டத்தை ஊரே மீறுகிறது என்றால் ஊரின் ஒழுக்கத்தைக் குறை சொல்வதற்கு முன் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

3. கடுமையான சட்டத்தை நாம் முயலாமல் இல்லை

ஏதோ இதுவரை மென்மையாக இருந்துவிட்டதுபோலப் பேசுகிறார்கள். தமிழ்நாடு 2004லேயே குண்டர் சட்டத்தைத் திருத்தி, சாராய வியாபாரிகளோடும் ரவுடிகளோடும் திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தது. விசாரணை இல்லாமல் ஓராண்டுவரை ஒருவரைச் சிறையில் அடைக்கும் சட்டம் அது. ஒரு சிடிக்காக அதற்குமேல் என்ன கடுமை வேண்டும்? விசிடி ஒழிந்ததும் குண்டர் சட்டத்தால் ஆன காரியம் இல்லை. 2016க்குப் பின் டேட்டா மலிவானது, எல்லார் கையிலும் செல்போன் வந்தது, சிடி கடை தானாக மூடியது. அந்த இடத்தைத் தமிழ் ராக்கர்ஸ் என்ற திருட்டு இணையதளம் பிடித்தது. நடிகர் விஷால் 2017இல் தயாரிப்பாளர் சங்கத் தலைவரானபோது அதை ஒழிப்பதாக உறுதி சொன்னார். ஒரு தளம் அடங்கினால் வேறு பெயரில் அடுத்தது வருகிறது. டெலிகிராமில் சேனலுக்குப் பின் சேனல்.

நீதிமன்றத் தடைகளின் கதை இன்னும் மோசம். ‘3’ படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய, யார் என்றே பெயர் குறிப்பிடாதவர்களுக்கு எதிரான உத்தரவைக் காட்டி, 2012 மே மாதத்தில் இணையச் சேவை நிறுவனங்கள் விமியோ, டெய்லிமோஷன், பேஸ்ட்பின் ஆகிய தளங்களை முழுதாக முடக்கின. அந்தத் தளங்களில் இருந்த, இந்தப் படத்தோடு தொடர்பே இல்லாத கோடிக்கணக்கான பக்கங்களும் சேர்ந்து போயின. ஜூன் மாதம் இளைஞர்கள் முகமூடி அணிந்து தெருவில் நின்று எதிர்த்தார்கள். அதன்பிறகே, குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பாடம் படித்தோமா? 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காகச் சென்னையில் வாங்கிய உத்தரவுகளின்கீழ் 2,600க்கும் மேற்பட்ட முகவரிகள் முடங்கின; அவற்றில் ஒன்று இன்டர்நெட் ஆர்க்கைவ். பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் தேடுபவர்கள் போய் நிற்கும் வாசல் அது. இரண்டு படங்களின் இரண்டு வார வசூலுக்காக ஒரு நூலகத்தையே பூட்டினார்கள். இந்த அநியாயத்தை எதிர்த்து நம் எழுத்தாளர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

இப்போது தண்டனை இன்னும் ஏறிவிட்டது. காப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுக் குற்றத்துக்கு வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இன் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம் தியேட்டரில் படம்பிடிப்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், மூன்று லட்சம் ரூபாய் முதல் படத்தின் தயாரிப்புச் செலவில் ஐந்து சதவீதம்வரை அபராதமும் விதிக்கிறது. நூறு கோடிப் படம் என்றால் ஐந்து கோடி. சர்வரை வெளிநாட்டில் வைத்திருக்கும் முதலாளி இந்தச் சட்டங்களில் சுலபமாகச் சிக்க மாட்டார். கையில் செல்போனோடு சீட்டில் உட்கார்ந்திருக்கும் கூலிப் பையன் சிக்குவான். மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் கடைக்காரர் சிக்குவார்.

4. நஷ்டக் கணக்கு பார்வையாளரைக் கணக்கில் எடுக்கவில்லை

ஆண்டுக்கு 20,000 கோடி ரூபாய் நஷ்டம் என்று 2023இல் ஒன்றிய அரசு சொன்னது. மறு ஆண்டு ஒரு தொழில்துறை அறிக்கை, திருட்டுப் பிரதிகளின் பொருளாதாரம் 2023இல் 22,400 கோடி என்றது. இந்தத் தொகையை இழந்த வருமானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால், இலவசமாகப் பார்த்த ஒவ்வொருவரும் இலவசம் இல்லாவிட்டால் முழு விலை கொடுத்துப் பார்த்திருப்பார் என்று நம்ப வேண்டும். பழவேற்காட்டைப் பாருங்கள். ஏரியின் முகத்துவாரம் மணல் மூடினால் படகு கடலுக்குப் போகாது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்று அறிவிப்பு வரும். 2023 டிசம்பரில் புயலும் எண்ணூர் எண்ணெய்க் கசிவும் அடுத்தடுத்து வந்தன. இப்படி வருமானம் விட்டுவிட்டு வரும் குடும்பம் நாலு பேரோடு பஸ் ஏறிப் போய், டிக்கெட்டுக்கும் தீனிக்கும் கொடுத்துப் பார்த்திருக்கும் என்று எழுதி, அந்தப் பணத்தை அவர்கள் திருடிவிட்டதாகக் கணக்குக் காட்டுவது நியாயமா? வராத கூட்டத்தின் பெயரில் வராத வசூலை எழுதுகிறார்கள்.

அதே 2024 அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது: திருட்டுப் பிரதி பார்ப்பவர்களில் 64 சதவீதம் பேர், விளம்பரத்தோடாவது இலவசமாகக் கிடைத்தால் முறையான வழிக்கு வரத் தயார். இந்த வரியை மேடையில் யாரும் படிப்பதில்லை. கட்டுகிற விலையும் கைக்கெட்டும் வழியும் இருந்தால் தமிழர்கள் காசு கொடுப்பார்கள் என்பதற்கு இங்கேயே அத்தாட்சி இருக்கிறது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தபோது லட்சக்கணக்கான வீடுகள் இணைப்பு எடுத்தன. இன்று ஒரு படம் ஒரு ஓடிடியில், அடுத்த படம் இன்னொன்றில். ஒவ்வொன்றுக்கும் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா. தினமும் கைக்கு வரும் காசில் வாழ்பவருக்கு ஒரு படத்துக்குப் பத்து ரூபாய் என்ற வழியை எத்தனை நிறுவனம் திறந்து வைத்திருக்கிறது?

இன்னொன்று. 2018 மார்ச்சில் தமிழ்ப் பட உலகம் ஒரு மாதத்துக்கு மேல் முழு வேலைநிறுத்தம் செய்தது. புதுப் படம் ஒன்றுகூட வெளிவரவில்லை. அந்தப் போராட்டத்தின் பிரதான காரணம் தியேட்டர்களில் டிஜிட்டல் திரையிடலுக்கு நிறுவனங்கள் வாங்கிய கட்டணம். தயாரிப்பாளரின் கழுத்தை நெரிப்பது எது என்று தயாரிப்பாளர்களுக்கே தெரியும்.

5. “கலைஞரின் உழைப்பு” என்று யார் பெயரில் பேசுகிறார்கள்?

படத்துக்காகக் காசு வாங்கி எழுதிய பாட்டின், போட்ட இசையின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 35 ஆண்டுகள் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் வெறுங்கையோடு நின்றார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடி, 2012இல் வந்த திருத்தம்தான் ராயல்டியில் அவர்களுக்குச் சரிபங்கு கொடுத்தது. அதுவும் படம் தியேட்டரில் ஓடும் வருமானத்தில் கிடையாது. அந்தத் திருத்தத்தை எதிர்த்தவர்கள் யார்? கலைஞரின் உழைப்புக்காக இன்று கண்ணீர்விடும் அதே தயாரிப்பாளர்களும் இசை நிறுவனங்களும். இளையராஜா தம் பாடல்களின் உரிமைக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறார். ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலால் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் பகிரங்கமாகச் சொன்னார். உலகமே கேட்ட பாட்டு அது. அந்தப் பணம் மீனவர் வீட்டுச் செல்போனுக்குள் போகவில்லை.

கடற்கரைக்காரர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டையும் ஏலேலோவையும் தமிழ் சினிமா எத்தனை படத்தில் எடுத்தாண்டிருக்கிறது! ஒப்பாரியும் தெம்மாங்கும் அப்படித்தான் போயின. எழுதியவர் பெயர் இல்லாத நாட்டார் பாட்டுக்கு நம் காப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளர் இல்லை. எடுத்துப் பதிந்த ஒலிப்பதிவுக்கு மட்டும் உரிமையாளர் உண்டு. பாடிப் பாடி அதை உயிரோடு வைத்திருந்த ஊருக்குப் பங்கும் இல்லை, பெரும்பாலும் நன்றியும் இல்லை. குப்பத்திலிருந்து ஸ்டூடியோவுக்குப் போனால் படைப்பு. ஸ்டூடியோவிலிருந்து குப்பத்துக்கு வந்தால் குற்றம். இதை நீதி என்று ஏற்கச் சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

6. சட்டம் யாருடைய அவசரத்துக்கு ஓடுகிறது

2019 ஜனவரியில் மும்பையில் திரைப்பட அருங்காட்சியகத் திறப்பு விழாவில் பிரதமர் ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டத்தைப் பற்றி அறிவித்தார். அடுத்த மாதமே மசோதா வந்தது. 2023 ஜூலையில் வேறு வடிவில் இரு அவைகளிலும் சில நாள்களுக்குள் நிறைவேறியது. திரைத்துறையின் நீண்ட நாள் கோரிக்கையை நிறைவேற்றியதாக அரசே பெருமைப்பட்டது. கடலோர மீனவர்களின் பாரம்பரிய உரிமைகளைப் பாதுகாக்க 2009இல் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு மசோதா வரைவு தயாரித்தது. அது இன்றுவரை சட்டமாகவில்லை. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் தங்கள் முகத்துவாரத்தையும் கரையையும் என்ன செய்யும் என்ற அச்சத்தைப் பழவேற்காட்டு ஊர்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் வாழ்வாதார உரிமைக்கு வரைவோடு நின்றுபோன அரசு, அவர்கள் கையிலுள்ள செல்போன் படத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகச் சட்டம் செய்கிறது?

மக்கள் கோபம் இந்த அவசரத்தை நிறுத்தும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2012 ஜனவரியில் இணையத் திருட்டுக்கு எதிரான அமெரிக்க மசோதாக்களை எதிர்த்து விக்கிபீடியா ஒருநாள் கதவடைத்தது; மசோதாக்கள் கிடப்புக்குப் போயின. அதே ஆண்டு ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம் கள்ளப் பிரதிகளுக்கு எதிரான ஆக்டா ஒப்பந்தத்தை 478க்கு 39 என்ற வாக்கில் தூக்கியெறிந்தது. ஐரோப்பாவில் அதன்பின் சினிமா அழிந்துவிடவில்லை.

“அப்படியானால் எல்லாம் இலவசமா?” என்று கேட்பார்கள். இல்லை. காசுக்காகப் பிரதி எடுத்து விற்பவரை, விளம்பரத்தில் சம்பாதிப்பவரைத் தண்டியுங்கள். லாப நோக்கம் இல்லாதவர்மீது 63ஆம் பிரிவு பாயாதபடி திருத்துங்கள். அவரிடம் நஷ்டஈடு கேட்கச் சிவில் நீதிமன்றம் இருக்கிறது. குண்டர் சட்டத்திலிருந்து இந்தக் குற்றத்தை எடுத்துவிடுங்கள். கோயில் கொடையிலும் மாதா திருவிழாவிலும் டிக்கெட் இல்லாமல் திரை கட்டிப் படம் போட, சிறு கட்டணத்தில் எளிதாக உரிமம் கிடைக்க வழி செய்யுங்கள். நாட்டார் பாட்டை எடுத்தால் அந்த ஊரின் பெயரைப் போட்டு, வருமானத்தில் பங்கு கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். படங்களைத் தனித்தனியாக, சில்லறை விலையில் விற்கும் பொறுப்பைத் திரைத்துறை ஏற்கட்டும்.

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. காப்புரிமைச் சட்டம் அடுத்தமுறை திருத்தத்துக்கு வரும்போது, தயாரிப்பாளர் சங்கத்தையும் ஓடிடி நிறுவனங்களையும் அழைத்துக் கேட்கும் அதே குழு, கோட்டைக்குப்பத்திலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் ஆள்களை அழைத்துக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் எழுதும் சட்டத்துக்குக் கை தூக்காதீர்கள்.